பைகேட்ச் என்றால் சங்காயமா?

‘பைகேட்ச்’ இப்போது துறைமுகத்து ஏலக்கூடம் வரை வந்துவிட்ட சொல். வெளிநாட்டில் இறால் வாங்குகிறவர்கள் அனுப்பும் கேள்வித்தாளில் ‘பைகேட்ச் எவ்வளவு?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப உட்காரும் கணக்கர் ‘கழிவு மீன்’ என்று பொருள் கொள்வார். கழிவு என்று எதையும் கடலில் கொட்டவில்லை, தரம் பிரித்தபின் மீந்த மலிவு மீனான சங்காயம் முழுவதும் மீன்மாவு மில்லுக்குப் போய்விட்டது, ஆகவே சுழியம். அவர் பொய் சொல்லவில்லை. சொல்தான் அவரைத் தப்பான கட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

முதலில் ஆங்கிலச் சொல். அதன் முன்னொட்டாகிய ‘பை’க்கு ஓரம், பக்கம், முதன்மை அல்லாதது என்று பொருள். நம்முடைய ‘பை’க்கும் அதற்கும் உறவில்லை (வலையின் முடிவும் ஒரு பைதான் என்பதால் சிலர் ‘பையில் சிக்கியது’ என்றே நினைத்துக்கொள்கிறார்கள்). இதே முன்னொட்டு வேறு சொற்களில் வந்தபோது தமிழ் அதை ஒரே மாதிரி பெயர்க்கவில்லை. பைபாஸ் புறவழி ஆயிற்று, பை-எலக்‌ஷன் இடைத்தேர்தல் ஆயிற்று, பை-ப்ராடக்ட் துணைப்பொருள் ஆயிற்று. புறம், இடை, துணை என்று இடம் பார்த்துப் பெயர்த்தார்கள். பைகேட்ச்சுக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பொருள் இதுதான்: ஒன்றைத் தேடி வலை போட, தேடாத வேறொன்றும் சேர்ந்து அகப்படுவது. அந்த ‘வேறொன்று’ மூன்று வகை. இறாலுக்குப் போன மடியில் (இழுவலையில்) ஏறும் காரல், பேத்தை, நண்டு ஆகியவை ஒரு வகை. விற்கிற மீனேதான், ஆனால் இன்னும் வளராத குஞ்சு என்பது இரண்டாவது. ஆமை, ஓங்கில் (டால்பின்), கடற்பறவை என்று யாருக்கும் விற்க முடியாதவை, சட்டப்படி தொடவும் கூடாதவை மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே பெயரில் அடைப்பதால்தான் குழப்பம்.

சட்டப் புத்தகங்களும் ஒன்றுபோல் பேசுவதில்லை. அமெரிக்க மீன்வளச் சட்டத்தின் வரையறைப்படி, பிடித்து விற்காமலும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளாமலும் விடுவதுதான் பைகேட்ச். விற்றுவிட்டால் அது பைகேட்ச் இல்லை. பல ஆய்வாளர்களும் சான்றிதழ் அமைப்புகளும் விற்றாலும் விற்காவிட்டாலும் தேடாமல் வந்ததெல்லாம் பைகேட்ச் என்றே எண்ணுகிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தூக்கியெறியப்படுவதைத் தனியாகக் கணக்கிடுகிறது. 2019-இல் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரையிலான காலத்தில் உலகக் கடல்களில் பிடித்துத் திரும்பக் கொட்டியது ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன். மொத்தப் பிடிப்பில் இது 10.8 விழுக்காடு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தரையை ஒட்டி இழுக்கும் மடிகளால் வந்தது. ஆக, கேள்வித்தாளில் பைகேட்ச் என்று பார்த்தால், எந்த வரையறைப்படி கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் எண் போட வேண்டும்.

இனிச் சங்காயம். ராமேசுவரம், பாம்பன் பக்கம் விசைப்படகில் இறங்கும் கலப்பு மீன் குவியலுக்கு இதுதான் பேர். தரம் பிரித்து இறாலையும் கணவாயையும் நல்ல மீனையும் எடுத்த பிறகு மீந்தது, கூடைக்கோ கிலோவுக்கோ மலிவாகப் போவது. கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். இந்தச் சொல் விலையைச் சொல்கிறது, வந்த விதத்தைச் சொல்லவில்லை. தேடிப் போன மீனின் குஞ்சும் சங்காயத்தில் கிடக்கும். ஆமை ஒருபோதும் சங்காயத்தில் இராது. தப்பி ஏறிய பெரிய வஞ்சிரம் தேடாமல் வந்ததுதான், ஆனால் அதைச் சங்காயம் என்று சொன்னால் ஏலக்காரர் சிரிப்பார். ஆகவே சங்காயம் பைகேட்ச்சின் ஒரு துண்டு. சில சமயம் அதற்கு வெளியேயும் நீளும். ‘குப்பை மீன்’ என்பது ஆங்கிலத்தின் மோசமான சொல் ஒன்றை அப்படியே தூக்கி வந்தது. அது வேண்டாம்.

தமிழுக்கு எது பொருந்தும்? ‘தற்செயல் பிடிப்பு’ என்பது தவறு. இறால் மடியில் காரல் ஏறுவது தற்செயல் அல்ல, ஒவ்வொரு இழுப்பிலும் நிச்சயம். ‘பக்கப்பிடி’ என்றால் மல்யுத்தம் நினைவுக்கு வருகிறது. கடற்கரைப் பேச்சில் ‘பாடு’ என்றே ஒரு நல்ல சொல் இருக்கிறது: மீன்பாடு, ‘இன்னைக்குப் பாடு இல்லை’. வலையில் தானாகப் படுவதைச் சொல்லும் அதுவே இங்கு மிகப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் ‘உடன்பாடு’ என்பதை ஒப்பந்தக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். எனவே ‘உடன்பிடி’. உடன்பிறப்பு, உடன்விளைவு என்பவை போலக் கூடவே வந்தது என்ற பொருள் கேட்டவுடனே நிற்கிறது. நல்லதா கெட்டதா, விற்றதா கொட்டியதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அதிலிருந்து பிரித்துச் சொல்லவும் வழியிருக்கிறது: கடலில் திரும்பக் கொட்டியது கழிபிடி, கரைக்கு வந்து மலிவாகப் போனது சங்காயம், சட்டம் காக்கும் உயிர் அகப்பட்டால் அதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

அப்படி ஒரு பெயர் பங்குனி ஆமை. சிலர் சித்தாமை என்பார்கள். தை மாதத்திலிருந்து பங்குனி வரை முட்டையிட நம் கிழக்குக் கரைக்கு வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். மணிக்கணக்கில் மடிக்குள் அடைபட்டால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது இந்தச் சங்கதி செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது. ஆமை அதிகமாகத் திரிவது இந்தக் கரையோர நீரில்தான்.

ஆமையை வெளியேற்றும் கம்பிச் சட்டத்தைச் செய்திகள் ‘ஆமை விலக்குச் சாதனம்’ என்கின்றன. வரிவிலக்கு, மதுவிலக்கு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது ஆமைக்குச் சலுகை கொடுப்பது போல ஒலிக்கிறது. ‘ஆமை விடுவிப்பான்’ நேராகச் சொல்கிறது. இதன் வேரும் வேடிக்கையானது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டேரியன் ஊரைச் சேர்ந்த சிங்கி பூன் என்ற இறால் மீனவர், மடி நிறையக் கடற்சொறி (ஜெல்லிமீன்) ஏறி வலை கிழிவதைத் தாங்காமல் ஒரு கம்பித் தடுப்பைச் செய்து மாட்டினார். சொறியை வெளியே தள்ள வந்ததுதான் பிறகு ஆமைக்கு ஆயிற்று. உடன்பிடி குறைந்தால் மீனவருக்கே லாபம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விடுவிப்பான் பார்க்க எளிது. வலையின் கழுத்தில், மீன் சேரும் முடிவுப் பைக்கு முன்னால், நீள்வட்டக் குழாய்ச் சட்டம் ஒன்றைச் சாய்வாகத் தைத்திருக்கும். அதில் மேலிருந்து கீழாகக் கம்பிகள். இறால் கம்பிகளுக்கு ஊடே புகுந்து பைக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, சாய்வில் வழுக்கி, சட்டத்தின் மேல்முனையிலோ கீழ்முனையிலோ வெட்டிவிட்ட வாய் வழியாக வெளியேறும். அந்த வாயை ஒரு வலைத்துணி மூடி தளர்வாக மறைத்திருக்கும். அமெரிக்க விதிப்படி கம்பி இடைவெளி நான்கு அங்குலத்தை, அதாவது 10.2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாய்வு 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். சரியாக மாட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஆமை தப்பும் என்பது அவர்களுடைய கணக்கு.

கெடுவது சாய்விலும் மூடியிலும்தான். சட்டம் அதிகமாக நிமிர்ந்தால் பாசியும் கட்டையும் கம்பியில் அப்பிக்கொள்ளும், ஆமையும் வழுக்காமல் அங்கேயே ஒட்டி நிற்கும். அதிகமாகப் படுத்தால் நீரோட்டம் வாய்ப்பக்கம் திரும்பி இறாலையும் கூட்டிக்கொண்டு போகும். ‘இதை மாட்டினால் இறால் போகுது’ என்ற புகார் பல நேரம் கம்பிச் சட்டத்தைப் பற்றியது அல்ல, சாய்வைப் பற்றியது. புதிய வலை சில இழுப்புக்குப் பிறகு நீளும். நீண்டதும் சாய்வு மாறிவிடும். ஆகவே தைத்த அன்று அளந்தது போதாது. வலையைத் தொங்கவிட்டுக் கோணமானியை வைத்து மறுபடி அளக்க வேண்டும். இன்னொன்று, மூடியை இறால் போகாதிருக்கக் கயிறு போட்டுக் கட்டிவிடுவது. அப்போது விடுவிப்பான் வெறும் அலங்காரம். மிதவை போதாவிட்டால் சட்டம் புரண்டுகொண்டு, மேல்வாய் தரையைப் பார்க்கும்.

இதில் இறாலை வாங்கிப் பதனிட்டு விற்கும் தொழில் நடத்துகிறவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். படகு அவர்களுடையது இல்லையே. ஆனால் இறாலின் விலையை நிர்ணயிப்பவர்கள் அவர்கள். விடுவிப்பான் இல்லாமல் பிடித்த கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நாடுகளைப் பாகுபடுத்தி நடைமுறைப்படுத்திய விதம் தவறு என்றது. சட்டம் நிலைத்தது. 2019-இல் இந்தியாவின் கடல் இறால் அந்தச் சந்தையிலிருந்து தடுக்கப்பட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் முன்பு வடிவமைத்த விடுவிப்பானில் கம்பி இடைவெளி அமெரிக்க அளவைவிட அகலம். பிறகு அந்த அளவுக்கே புதிய வடிவம் செய்தார்கள். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவிலுள்ள சில சென்டிமீட்டர் ஏற்றுமதியை நிறுத்தும் என்றால், கொள்முதல் மேலாளருக்கு இதில் வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வோர் இறால் சரக்கோடும் டிஎஸ்-2031 என்ற உறுதிமொழிப் படிவம் போக வேண்டும். குறைந்தது 30 நாள் குளத்தில் வளர்ந்த பண்ணை இறாலுக்கும், எந்திரமில்லாமல் கையால் இழுத்த வலையில் பிடித்ததற்கும் விலக்கு உண்டு. பதனிடும் ஆலையில் சிக்கல் வருவது இங்கேதான். ஒரே கொட்டகையில் குளத்து வனாமி இறாலும் கடல் இறாலும் இறங்கி, ஒரே மேசையில் தலை கிள்ளினால் படிவம் பொய்யாகிவிடும். வெவ்வேறு நாள் அல்லது வெவ்வேறு மேசை, வெவ்வேறு நிறத் தட்டு, தொகுப்பு எண்ணில் பண்ணைக்கும் படகுக்கும் தனித்தனி முன்னெழுத்து. இவ்வளவு செய்தால் போதும்.

ஆனால் பண்ணை இறாலோடு உடன்பிடி முடிந்துவிடுவதில்லை. அது தீவனத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு டன் வனாமிக்கு 1,400 கிலோ தீவனம், அதில் 15 விழுக்காடு மீன்மாவு என்று வைத்துக்கொண்டால் 210 கிலோ மாவு. முழு மீனிலிருந்து மாவு எடுத்தால் நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும். அப்படியானால் 945 கிலோ பச்சை மீன். மாவில் ஒரு பங்கு பதனிடும் ஆலையின் தலை, முள், குடல் என்றால் அந்தக் கணக்கு இறங்கும். சங்காயம் என்றால் இறங்காது. சங்காயத்துக்கு விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு, முன்பு கடலில் கொட்டிய குஞ்சும் கரைக்கு வருகிறது. கழிபிடி குறைந்தது என்று புள்ளிவிவரம் நிமிர்கிறது, உடன்பிடி குறையவில்லை. தீவனம் வாங்கும் நிறுவனம் மில்லிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘மீன்மாவு எத்தனை சதவீதம்?’ என்பது மட்டுமல்ல, ‘அது எந்த மீன்?’ என்பது.

மில் வாசலில் அதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. லாரியிலிருந்து சுமார் பத்துக் கிலோ எடுத்து, இனம் பிரித்து, எடை போட்டு, வணிக மீனின் நீளத்தை அளந்து மொத்த எடைக்குப் பெருக்க வேண்டும். தவறு நேர்வது எடுக்கும் இடத்தில். குலுங்கிய லாரியில் சின்னது கீழே இறங்கிவிடும். மேலாக அள்ளினால் குஞ்சே இல்லை என்று வரும். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அள்ள வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரோடு எடை போடக் கூடாது.

குஞ்சைக் கடலிலேயே விடுவதற்கு வலைமுடிவுப் பையின் கண்ணைச் சதுரமாக வைப்பது மலிவான வழி. சாய்சதுரக் கண் இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும், சதுரக் கண் திறந்தே நிற்கும். 40 மில்லிமீட்டர் சதுரக் கண் மடியை நிறுவனமே வாங்கிக் கொடுத்து, அந்தப் படகின் மீனுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூட என்று எழுதிக் கொடுத்தால், விதியை விட விரைவாக வேலை நடக்கும். கம்பும் தூண்டிலுமாகப் பிடித்த சூரை (டூனா) வாங்குபவர்களுக்குக் கவலை இன்னும் குறைவு. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் அப்படி ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். அங்கே உடன்பிடி ஏறக்குறைய இல்லை.

கணக்கரின் கட்டத்துக்கு வருவோம். அதை ஒன்றாக விடாமல் நான்காகக் கிழித்துக்கொள்வது நல்லது: தேடிய இனத்தின் எடை, தரம் பிரித்து விற்ற உடன்பிடி, சங்காயம், கழிபிடி. கழிபிடியை ஆலையில் எடை போட முடியாது, படகின் டிரைவர் இழுப்புக்கு எத்தனை கூடை கொட்டினார் என்று குறித்தால்தான் தெரியும். ஐந்தாவதாக ஒரு வரி, எண்ணிக்கையில், கிலோவில் அல்ல: ஆமை எத்தனை, உயிரோடா, விட்டதா.