"சாஃப்ட்வேருக்குத்தான் இங்கே பேட்டன்ட் கிடையாதே சார்!"

கோவைப் பக்கம் பம்புசெட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்து விற்கும் ஒருவர் போன வாரம் ஒரு கடிதத்தோடு வந்தார். விவசாயி வீட்டில் இருந்தபடி மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடுமே, அந்தப் பெட்டிதான் அவர் தொழில். வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று "உங்கள் பெட்டியில் எங்கள் பேட்டன்ட்டுகள் இருக்கின்றன, லைசென்ஸ் பேசலாம்" என்று எழுதியிருக்கிறது. கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. பதில் போடவில்லை. கேட்டால், "சாஃப்ட்வேருக்குத்தான் இந்தியாவில் பேட்டன்ட் கிடையாதே சார்" என்கிறார். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(கே) தடுப்பது கணித முறை, வணிக முறை, அல்காரிதம், பிறகு 'வெறும்' கணினி நிரல். 2004 கடைசியில் வந்த அவசரச் சட்டம் இந்தத் தடையைத் தளர்த்தப் பார்த்தது. 2005ல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியவில்லை. அந்த 'வெறும்' என்ற இடைவெளி வழியாக இன்றும் விண்ணப்பங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நிரலால் ஒரு தொழில்நுட்ப விளைவு உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும் என 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

போனில் பேசும் குரலைச் சுருக்கி அனுப்பும் ஏ.எம்.ஆர். என்ற குரல் கோடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் நன்றாக இருந்தால் குரலை நொடிக்கு 12.2 கிலோபிட்டில் அனுப்பும், மோசமானால் 4.75 வரை படிப்படியாக இறங்கும். மொத்தம் எட்டுப் படிகள். முழுக்க முழுக்கக் கணக்கு, சிப்புக்குள் ஓடும் நிரல். ஆனால் பேட்டன்ட் ஆவணத்தில் நிரல் என்ற பேச்சே இருக்காது, பேச்சுச் சமிக்ஞையைக் குறியாக்கும் முறை என்று இருக்கும். ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன் தொடுத்த வழக்கில் இந்திய போன் நிறுவனமான லாவா இதை வெறும் அல்காரிதம் என்றுதான் வாதாடியது. 2016ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் வந்த இறுதித் தீர்ப்பில், வழக்கில் இருந்த எட்டு பேட்டன்ட்டுகளில் ஏழு செல்லும் என்றாகி, லாவா ஏறத்தாழ 244 கோடி ரூபாய் தர வேண்டும் என உத்தரவானது. இதற்குப் பிறகும் "இந்தியாவில் கிடையாதே" என்பவர்களிடம் என்ன சொல்வது?

"கோடு முழுக்க நாங்களே எழுதினோம்" என்பது அடுத்த சமாதானம். காப்பியடித்ததாக யாரும் குற்றம் சொல்லவில்லை. நீங்களாகவே யோசித்து அதே முறையைச் செய்தாலும் பேட்டன்ட் மீறல்தான்.

மற்ற துறைகளில் ஒரு பேட்டன்ட் குறுக்கே நின்றால் வேறு வழியில் செய்துகொள்ளலாம். தொலைத்தொடர்பில் அது நடக்காது. வேறு மாதிரி செய்தால் பெட்டி டவரோடு பேசவே பேசாது. எல்லாப் பெட்டியும் டவரும் பின்பற்ற வேண்டிய பொதுத் தரநிலைக்குள் போய்விட்ட பேட்டன்ட்டிலிருந்து ஒதுங்கிப் போக வழியில்லை என்பதால்தான், நியாயமான, பாரபட்சமற்ற விலையில் தருவோம் என்று உரிமையாளர்களிடம் முன்கூட்டியே உறுதி வாங்குகிறார்கள். எது நியாயம் என்பதில்தான் சண்டையே.

எரிக்சன் கேட்ட ராயல்டி பற்றி இந்திய போன் நிறுவனமான மைக்ரோமேக்ஸ் கொடுத்த புகாரின் மேல் 2013 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) போட்ட விசாரணை உத்தரவில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அதே ஜி.எஸ்.எம். சிப்பை 100 ரூபாய் போனில் வைத்தால் ராயல்டி 1.25 ரூபாய், 1,000 ரூபாய் போனில் வைத்தால் 12.50. சிப் ஒன்றுதான். கேமரா, திரை, பேட்டரி என்று தயாரிப்பாளர் எதைக் கூட்டினாலும் ராயல்டியும் கூடுகிறது. இதே கணக்கில் போனால், நம் கோவைக்காரர் செப்புச் சுருளுக்கும் ரிலேவுக்கும் இரும்புப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு ராயல்டி கட்டுவார். போட்டியை இது நேராகவே பாதிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உள்ளூர் போன் நிறுவனங்கள் சரிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 4ஜி வந்ததும் சீனப் போட்டியும் பெரிய காரணங்கள்.

ஆனால் போட்டி ஆணையத்துக்குப் போகிற கதவு இப்போது மூடிக்கிடக்கிறது. இதில் பேட்டன்ட் சட்டமே மேலோங்கும், ஆணையம் விசாரிக்க முடியாது என 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. எனவே "சிசிஐயில் புகார் போட்டுவிடலாம்" என்று கனவு காணாதீர்கள்.

கடிதம் வந்தால் டிராயரில் போடாதீர்கள். லைசென்ஸ் வாங்க மனமில்லாதவர் என்ற பெயர் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டால் பிறகு எழுவது கஷ்டம். எந்தெந்த பேட்டன்ட், என் பொருளின் எந்தப் பகுதி, மற்றவர்களிடம் என்ன விலை என்று கேட்டு, ஒத்துக்கொள்ளாமலும் மறுக்காமலும் பதில் போடுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஓரிடத்தில் "இது தரநிலைக்கு அத்தியாவசியமான பேட்டன்ட்", இன்னோரிடத்தில் "இது செல்லவே செல்லாது" என்று இரட்டை நாக்கில் பேசாதீர்கள். எரிக்சன் வழக்கில் இன்டெக்ஸ் என்ற போன் நிறுவனம் அதைச் செய்துதான் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது.

பெட்டிக்குள் வைக்கும், டவரோடு பேசும் மாடுல் வாங்கும்போது உள்ளே யாருடைய சிப், அவர்களுக்கு லைசென்ஸ் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். 2014 டிசம்பரில் எரிக்சன் வழக்கில் சீன போன் நிறுவனம் ஷாவ்மிக்குத் தடை விழுந்தபோது, குவால்காம் சிப் போட்ட போன்களை மட்டும் சில நாளிலேயே விற்க விட்டார்கள். குவால்காமிடம் எரிக்சன் லைசென்ஸ் இருப்பதாகச் சொன்னதுதான் காரணம். மீடியாடெக் சிப் போட்டவை நின்றன.

தொழில் சங்கங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரட்டை சிம் போனுக்கு மதுரைக்காரர் ஒருவர் வாங்கிய பேட்டன்ட்டைக் காட்டி 2009ல் சுங்கத்தில் போன் சரக்குகளை நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்கள் சென்னையில் அப்போதிருந்த பேட்டன்ட் மேல்முறையீட்டு வாரியத்தில் போராடி, 2012ல்தான் அது ரத்தானது. சிறிய தயாரிப்பாளர் அவ்வளவு காலம் தாங்குவாரா? பேட்டன்ட் அலுவலக ஜர்னல் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வருகிறது. உங்கள் துறை விண்ணப்பங்களைப் படிக்க ஒரு ஆளைப் போடுங்கள். விண்ணப்பம் வெளியான பின், பேட்டன்ட் வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். வழங்கிய பிறகு ஒரு வருடம், அதுவும் சம்பந்தப்பட்டவர் மட்டுமே. அதற்கும் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுதான். அந்தச் செலவை ஒரு ஸ்டார்ட்டர் கம்பெனி தனியாகத் தூக்க முடியாது.