கோசாய்குண்டத்துக்குப் போகிறவர்கள் மறைக்கும் தலைவலி

மலை யாத்திரைக்கு முன் உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முழங்காலைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும்தான் கவலைப்படுகிறார்கள். இ.சி.ஜி., எக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவு என எல்லா அறிக்கைகளையும் ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, "என்னால் ஏற முடியுமா, டாக்டர்?" என்று கேட்பார்கள். அந்தக் கோப்பைப் பிரிப்பதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி, வழியில் எத்தனை இரவு தங்குகிறீர்கள், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்பதுதான். இதற்கு உடனே பதில் சொன்னவர்கள் மிகச் சிலரே. திட்டம் போட்டவருக்குத் தெரியும் என்பார்கள். திட்டம் போட்டவரோ திருநாள் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பயணச் சீட்டு வாங்கியிருப்பார்.

நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோசாய்குண்டம். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான், தொண்டையின் வெம்மை தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தி நீர் வரவழைத்த இடம் இது என்பது நம்பிக்கை; திரிசூலி ஆறு இங்கே பிறக்கிறது என்கிறார்கள். சுற்றியுள்ள பைரவ குண்டம், சரஸ்வதி குண்டம் முதலிய ஏரிகளோடு சேர்த்து 2007இல் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆவணி அவிட்டம் என்று நம்மவர்கள் பூணூல் மாற்றிக்கொள்ளும் அதே பௌர்ணமியை நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்கிறார்கள். அந்த நாளில் நீராடுவதற்காக ஆயிரக்கணக்கானோர், மழைக்காலத்தின் நடுவே, சேற்றிலும் அட்டைக்கடியிலும் நடந்து மேலே ஏறுகிறார்கள். அப்படியொரு திருநாளின்போது ஏரிக்கரையில் போடப்பட்ட தற்காலிக மருத்துவ முகாமில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கூடாரத்தில் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு இங்கே என் அறையில் யாத்ரீகர்களிடம் கேட்டறிந்ததும்தான்.

முதலில் உயரக் கணக்கைப் பார்த்துவிடலாம். காத்மாண்டு ஏறத்தாழ 1,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் துஞ்சேவுக்குப் போனால் சுமார் 2,000 மீட்டர். அங்கே தொடங்கும் நடைவழியில், சிங் கோம்பா என்ற பௌத்த மடம் இருக்கும் சந்தன்பாரி சுமார் 3,300 மீட்டரிலும், லௌரிபினா சுமார் 3,900 மீட்டரிலும் உள்ளன. துஞ்சேயில் காலையில் புறப்பட்டு, சந்தன்பாரியில் ஓர் இரவு படுத்து, மறுநாள் மாலை ஏரிக்கரையில் இருப்பதே பெரும்பாலான யாத்ரீகர்களின் வழக்கம். இரண்டு நாளில் 2,400 மீட்டர். மலை மருத்துவத்தில் நாங்கள் பின்பற்றும் பொது விதியோ, 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்றும் சொல்கிறது. பகலில் எவ்வளவு உயரம் தொட்டுவிட்டு வருகிறோம் என்பதைவிட இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம். எனவே துஞ்சேயில் ஓர் இரவு, சந்தன்பாரியில் இரண்டு இரவு, லௌரிபினாவில் குறைந்தது ஓர் இரவு, அதன்பிறகே ஏரி என்றுதான் நான் எழுதிக்கொடுக்கிறேன். வழக்கமான திட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று இரவுகள் கூடும். இந்த இரவுகளுக்காகத்தான் நான் ஒவ்வொருவரிடமும் மன்றாட வேண்டியிருக்கிறது.

மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதன் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான்; குறைவது காற்றின் அழுத்தம். ஏரிக்கரையில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதை வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் அப்படி மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், மூளை மூச்சின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. சிறுநீரகங்கள் அந்தக் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றிச் சமன்செய்யச் சில நாட்கள் ஆகும். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருடைய சிறுநீரகமும் இந்த வேலையை அவசரமாகச் செய்து முடிக்காது. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. நன்றாக நடக்கக்கூடியவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் மற்றவர்களைவிட மோசமான நிலையில் மாட்டிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

உடல் பழகுவதற்குள் உயரம் ஏறிவிடுவதால் வருவதை உயரமலை நோய் என்கிறோம்; அதன் முதல் அறிகுறி தலைவலி. அதோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேரும். ஏரியை அடைந்தவுடன் நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஏனெனில் அறிகுறிகள் தோன்ற ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரம் ஆகலாம். மாலையில் மகிழ்ச்சியோடு படுத்தவர் நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார். இது அரிதாக நடப்பதன்று. கோசாய்குண்டத்து யாத்ரீகர்களிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூவரில் இருவருக்கு உயரமலை நோய் இருந்தது. பத்தில் மூவரிடம், அந்த நோய் முற்றும்போது வரும் மூளை வீக்கத்தின் அடையாளங்கள் காணப்பட்டன. அவசரமில்லாமல் ஏறும் மலையேற்றக்காரர்களிடம் மூளை வீக்கம் இந்த அளவில் காணப்படுவதே இல்லை.

மூளை வீக்கம் வந்தவரை எப்படி அடையாளம் காண்பது என்பதை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். பௌர்ணமிக்கு முந்தைய இரவில் ஏரிக்கரையில் ஜாங்க்ரி எனப்படும் பூசாரிகள் மேளம் அடித்து ஆடுவார்கள். சுற்றி நிற்பவர்களில் சிலருக்கு அருள் வந்து அவர்களும் ஆடுவதுண்டு. அப்படியொரு கூட்டத்தின் ஓரத்தில் ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் தள்ளாடிக்கொண்டிருந்தார். சாமி வந்திருக்கிறது என்று அவருடைய ஊர்க்காரர்கள் வணங்கி ஒதுங்கி நின்றார்கள். குடித்திருக்கிறார் என்று வேறு சிலர் முகம் சுளித்தார்கள். தேநீர் வாங்கப் போன எங்கள் முகாமின் உதவியாளர்தான் ஐயப்பட்டு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டதற்குத் தம் மகனின் பெயரைச் சொன்னார். ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் கொடுத்து, மழையிலேயே நான்கு பேர் சுமந்து லௌரிபினாவுக்குக் கீழே கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அவர் தாமாக எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டதாகத் தகவல் வந்தது. இன்னும் சில மணிநேரம் அவரை அருள் வந்தவராகவே விட்டிருந்தால் அவர் நினைவிழந்திருப்பார்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது மற்றொரு வடிவம். தலைவலியே இல்லாமலும் இது வரலாம், பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாம் இரவில். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், வறட்டு இருமல் நுரைச் சளியாக மாறுவதும், உதடு நீலம் பாரிப்பதும் இதன் அடையாளங்கள். லேசான காய்ச்சலும் சேர்ந்துகொள்வதால் நிமோனியா என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. 4,000 மீட்டரில் ஒருவருக்கு உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினால் உடனே கீழே இறக்க வேண்டும், காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

யாத்ரீகர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் கிடைத்த விடை, அவர்கள் சொல்வதில்லை என்பதே. நம் பக்கத்திலிருந்து போன ஒரு குழுவில், அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார் சந்தன்பாரியிலேயே தலைவலி தொடங்கியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊர் திரும்பியபின் என்னிடம் வந்தபோது, "என்னால் எல்லோருக்கும் தடையாகிவிடக் கூடாதென்று நினைத்தேன் சார். கஷ்டப்படாமல் சாமி தரிசனம் கிடைக்குமா?" என்றார். இரண்டு நாள் விரதமிருந்து, வழியில் சிறுநீர் கழிக்க மறைவிடம் இல்லையென்று தண்ணீரும் குடிக்காமல், வாந்தியைக்கூட மறைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். ஏரிக்கரையில் மயங்கி விழுந்த பிறகுதான் அவருடைய கணவருக்கே தெரிந்திருக்கிறது. அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். அந்தத் தலைவலியைத் தெய்வம் வைத்த சோதனையாக அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விரதம் இருப்பவர்கள் ஏறும் நாட்களில் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பசி, நீரிழப்பு, உயரம் மூன்றும் ஒரேவிதமான தலைவலியைக் கொடுப்பதால், எதற்கு என்ன செய்வதென்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். குழுத் தலைவர் காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துத் தலைவலி இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும். கூட்டத்தின் நடுவே கேட்டால் எல்லோரும் நன்றாக இருப்பதாகவே சொல்வார்கள்.

இங்கிருந்து போகிறவர்கள் துணியில் முடிந்த கற்பூரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முகர்ந்தபடி ஏறுகிறார்கள். கற்பூரம் மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்றுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அதனால் சிறிதும் கூடுவதில்லை. முகர்வதால் பெரிய தீங்கில்லை என்றாலும், மூச்சுத் திணறலை அது உணரவிடாமல் செய்துவிடுமோ என்பது என் அச்சம். அதை விழுங்கினால் வலிப்பு வரும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தேநீர்க் கடைகளில் தரும் பூண்டு சூப் வெதுவெதுப்பான நீராகாரம் என்ற அளவில் நல்லது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அந்த உயரத்தில் நலமாக இருப்பவருக்கும் 80 முதல் 88 வரை காட்டலாம், விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறதென்று தலைவலியைப் புறக்கணிப்பதும், எண்ணைப் பார்த்தே பீதியடைவதும் ஒரே அளவுக்குத் தவறு.

மருந்தைப் பொறுத்தவரை, நிதானமாக ஏற வழியில்லாதவர்களுக்கு அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை, மாலை என, ஏறுவதற்கு முதல்நாளே தொடங்கும்படி பரிந்துரைக்கிறோம். சிறுநீரகங்கள் காரத்தை வெளியேற்றும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. விரல்நுனிகள் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் போவதும் எதிர்பார்க்கக்கூடியவை. சல்ஃபா மருந்துகளுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெக்ஸாமெத்தசோனைச் சிலர் தலைவலி மாத்திரைபோல் விழுங்கிவிட்டு மேலே தொடர்கிறார்கள். நோய் வந்தவருக்கு அந்த மருந்து கீழே இறங்குவதற்குத் தெம்பு தருவதற்காகவே கொடுக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை உறையவிடாமல் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே அதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் பேசியாக வேண்டும்; பட்டினியும் கடும் உழைப்பும் சேரும்போது, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. அதில் வரும் வாந்தியையும் மூச்சிரைப்பையும் உயரத்தின் தலையில் போட்டுவிடுவது எளிது.

ஏரியில் மூழ்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் தலைவலி இருக்கும்போது மூழ்க வேண்டாம், அதிகாலையில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். பனிநீர் சட்டென்று உடலில் படும்போது மூச்சு ஒருகணம் தன்னிச்சையாக உள்ளிழுக்கப்பட்டு, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பாய்ந்து உயர்கின்றன. இதய நோயுள்ளவர்களும் முதியவர்களும் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வது போதும். நனைந்த உடையோடு வரிசையில் நிற்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

இறங்குவதைப் பற்றி ஒன்று. அறிகுறி லேசாக இருந்தால் அதே உயரத்தில் தங்கி, முழுவதும் தீர்ந்தபின் தொடரலாம். ஒருநாளில் தீராவிட்டாலோ கூடினாலோ இறங்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், ஓய்விலும் மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மழைமேகத்தில் ஹெலிகாப்டர் வராது என்பதால் அதை நம்பியும் இருக்கக் கூடாது. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், கோசாய்குண்டத்து வழியில் அந்த இறக்கம் சில மணிநேரத் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் நோயுற்றவரை ஒருபோதும் தனியே அனுப்பாதீர்கள். எங்கள் முகாமுக்கு வந்த இளைஞர் ஒருவரை அவருடைய நண்பர்கள், "நீ மெதுவாக இறங்கிக்கொண்டிரு, நாங்கள் நீராடிவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டிருந்தார்கள். அவர் இறங்குவதாக நினைத்துக்கொண்டு மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, கால்நடை மேய்க்கும் ஒருவர் கண்டு கூட்டிவந்தார்.