இருபதாம் ஃபெர்மா எண்: பகு எண்தான், காரணி எங்கே?

2-இன் அடுக்காக 10,48,576-ஐப் போட்டு, வரும் விடையோடு 1 கூட்டினால் 3,15,653 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். 10,48,576 என்பதே 2-இன் இருபதாம் அடுக்கு; அதனால் இதற்கு இருபதாம் ஃபெர்மா எண் என்று பெயர். இது பகா எண் அல்ல என்று ஜெஃப் யங், டங்கன் பியூவெல் இருவரும் கிரே சூப்பர் கணினியின் துணையுடன் நிறுவினார்கள். அவர்களது கட்டுரை 1988-இல் வெளிவந்தது. ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி ஒன்றுகூட இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

91 பகு எண் என்று காட்ட 7 × 13 என்று எழுதிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். காரணியே தெரியாமல் ஓர் எண்ணைப் பகு எண் என்று எப்படிச் சொல்வது?

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றைப் போட்டு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா இவற்றைப் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். அடுத்த எண் 4,29,49,67,297. வரிசை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படுவதால் இது ஐந்தாம் எண். 1732-இல் ஆய்லர் அதை 641 × 67,00,417 என்று பிரித்துக் காட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே விடை வந்துவிட்டது.

இருபதாம் எண்ணுக்கும் இதே போன்ற விதி உண்டு: அதன் பகாக் காரணி எதுவானாலும் 41,94,304-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். வடிகட்டிய பிறகும் மிஞ்சுபவை எண்ணித் தீராதவை. எனவே வேறு வழி வேண்டும். 1877-இல் பெப்பின் தந்த சோதனை அந்த வழி. என் பார்வையில் எண் கோட்பாட்டின் மிக அழகான கருவிகளுள் இது ஒன்று.

17-ஐச் சோதிப்போம். 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 9. அதன் வர்க்கம் 81, மீதி 13. அதன் வர்க்கம் 169, மீதி 16. மூன்று படிகளில் 17-ஐவிட ஒன்று குறைவான எண்ணில் வந்து நின்றோம். ஆகவே 17 பகா எண். 3-ஐ விடப் பெரிய எந்த ஃபெர்மா எண்ணும் பகா எண்ணாக இருந்தால், இறுதி மீதி அதைவிட ஒன்று குறைவாகவே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பகு எண். இதில் விதிவிலக்கே கிடையாது.

படிகளின் எண்ணிக்கை 2-இன் அடுக்கைவிட ஒன்று குறைவு: 17-க்கு அடுக்கு 4, படிகள் 3. இருபதாம் எண்ணுக்கு 10,48,575 முறை வர்க்கப்படுத்த வேண்டும். முதல் சில படிகளைத் தாண்டியதும் ஒவ்வொரு படியிலும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் எழும். நல்லவேளையாக, இங்கே மீதி காண நீண்ட வகுத்தல் தேவையில்லை. இரும வடிவில் எழுதி, கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதியைக் கழித்தாலே போதும். விடை குறை எண்ணானால் அசல் எண்ணை ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம். கடைசியில் வந்த மீதி, வரவேண்டிய மீதி அல்ல. தீர்ப்பு அவ்வளவே. அந்த மீதிக்குள் காரணியைப் பற்றிய துப்பு எதுவும் நமக்குத் தெரிந்த வகையில் இல்லை.

பதினான்காம் ஃபெர்மா எண்ணும் இப்படித்தான் இருந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே பகு எண் என்று தெரிந்துவிட்டது. முதல் காரணி 2010-இல்தான் அகப்பட்டது. அதில் 54 இலக்கங்கள். இருபதாம் எண்ணும், 1999-இல் சோதனை முடிந்த இருபத்து நான்காம் எண்ணும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

இத்தனைக்கும், யாராவது ஒரு காரணியைக் கொண்டுவந்தால் அது சரியா என்று பார்ப்பது மிக எளிது. 2-இல் தொடங்கி இருபது முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அந்தக் காரணியால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முடிவில் காரணியைவிட ஒன்று குறைவான எண் வர வேண்டும். ஐந்தாம் எண்ணுக்கு 641-ஐ வைத்துத் தாளிலேயே செய்து பார்க்கலாம்: 2, 4, 16, 256, 154, 640.