செவ்வாயன்று தெரிந்தது, வெள்ளியன்று வெடித்தது

ஒரு குழுவில் பிரச்சினை என்று என்னைக் கூப்பிட்டால், நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்: "இது யாருக்கு முதலில் தெரிந்தது? எப்போது?" மேனேஜருக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்திருக்கும். வேலை பார்த்தவருக்குச் செவ்வாயன்றே தெரிந்திருக்கும். சின்னத் தவறு பெரிதாவது அந்த இடைப்பட்ட நாட்களில்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண், பழைய ரேட்டைப் போட்டு கொட்டேஷன் அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் அவரே கவனித்தும் விட்டார். டீம் லீடருக்கு மெசேஜ் தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். "ஏன் அனுப்பவில்லை?" என்றேன். "போன வாரம் இன்னொருத்தர் சொன்னபோது சார் முகம் மாறியதைப் பார்த்தேன் மேடம்" என்றார். டீம் லீடர் திட்டக்கூட இல்லை. முகம் மாறியதே போதுமாக இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து மெசேஜைத் திருத்தினோம். அவர் எழுதியிருந்தது பாதிப் பக்கத்துக்கு மன்னிப்பு. விஷயம் கடைசி வரியில் இருந்தது. அதை இப்படி மாற்றினோம்: "கொட்டேஷனில் பழைய ரேட் போய்விட்டது. கஸ்டமர் இன்னும் பதில் போடவில்லை. திருத்தியது தயார், அனுப்பட்டுமா?" நடந்தது, பாதிப்பு, அடுத்த வேலை. மன்னிப்பை அப்புறம் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

டீம் லீடருடன் பேசியதுதான் நீண்டது. கெட்ட செய்தி வந்ததும் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்: "உடனே சொன்னது நல்லது. இப்போது என்ன செய்யலாம்?" காரணத்தை மறுநாள் அலசலாம். இதற்காகத் தவறைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டியதில்லை. ஒரே தவறு மூன்றாம் முறை வந்தால், தனியாக அழைத்துப் பேசத்தான் வேண்டும். அப்போதும் அவர் தலையில் எத்தனை பேர் வேலை இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து டீம் லீடர் கவலையோடு வந்தார். "இப்போது முன்பைவிட அதிகமாகத் தப்பு வருகிறதே?" எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் கண்டதை அவருக்குச் சொன்னேன். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; பதிவேட்டிலோ அங்கேதான் அதிகம். அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

டீம் லீடர் உடனே போனை எடுத்து, அந்த மாத மெசேஜ்களின் நேரத்தைப் பார்த்தார். எல்லாமே தவறு நடந்த அன்றே வந்தவை.