சைதாப்பேட்டையில் ரயில் ஏன் மண்ணுக்குள் இறங்குகிறது?

சென்னை விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் நகருக்குள் வருபவர்கள் சின்னமலை நிலையத்தைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். ரயில் அடையாற்றின் மேல் பாலத்தில் செல்லும். ஆற்றைக் கடந்த சில வினாடிகளில், அதுவரை கண்ணுக்கு நேராக இருந்த மொட்டை மாடிகள் மெல்ல உயர்வதுபோல் தோன்றும். உயர்வது மாடிகள் அல்ல, தாழ்வது நாம்தான். இருபுறமும் கான்கிரீட் சுவர்கள் எழும்பி வர, வெளிச்சம் சட்டென்று மறைந்து, சைதாப்பேட்டையில் கதவு திறக்கும்போது நாம் மண்ணுக்கு அடியில் இருப்போம். அங்கிருந்து தேனாம்பேட்டை, சென்ட்ரல், மண்ணடி என்று நகரின் நடுப்பகுதி முழுவதையும் நிலத்துக்கு அடியிலேயே கடந்து, தண்டையார்பேட்டைக்கு அப்பால்தான் ரயில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்து விம்கோ நகர் வரை தூண்களின் மேல் ஓடுகிறது.

ஒரே வழித்தடம் ஓரிடத்தில் தூண் மேலும் மற்றோரிடத்தில் சுரங்கத்திலும் ஓடுவது ஏன்? பணம் போதவில்லை என்பதால் பாதியை மேலே கட்டிவிட்டார்கள் என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது உண்மையின் ஒரு பகுதிதான். மண், நிலத்தடி நீர், சாலையின் அகலம், தண்டவாளம் ஏற்கக்கூடிய சரிவு ஆகியவையும் பணத்தோடு சேர்ந்தே இதை முடிவு செய்கின்றன. முதலில் திட்டமிடப்பட்ட முதல் கட்டத்தின் ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் 24 கிலோமீட்டர் சுரங்கமாகவும் மீதி உயர்மட்டப் பாதையாகவும் அமைந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குகள் அனைத்தும் இருக்கின்றன.

பணக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயர்மட்டப் பாதைக்கு ஆகும் செலவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு ஒரு கிலோமீட்டர் சுரங்கப் பாதைக்கு ஆகும். இந்தச் செலவில் பெரும்பகுதி ரயில் ஓடும் குழாய்களைத் துளைப்பதற்குத்தான் ஆகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் செலவையும் காலத்தையும் விழுங்குபவை நிலத்தடி நிலையங்களே. 200 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு நிலையத்துக்காக 68,000 கன மீட்டர் மண்ணை வெளியே எடுக்க வேண்டும். ஒரு டிப்பர் லாரி ஒரு நடையில் 10 கன மீட்டர் ஏற்றிச் சென்றால்கூட, ஒரே ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரம் நடைகள் ஆகும். அத்தனையும் பேருந்தும் ஆம்புலன்ஸும் ஓடிக்கொண்டிருக்கும் சாலையின் நடுவிலிருந்துதான் வெளியேற வேண்டும். தோண்டும்போது பக்கத்துக் கட்டடங்கள் சரியாமலிருக்க, தோண்டத் தொடங்குவதற்கு முன்பே நான்கு பக்கமும் ஆழமான கான்கிரீட் சுவர்களை மண்ணுக்குள் இறக்கியாக வேண்டும்.

தோண்டி முடித்தாலும் வேலை தீர்வதில்லை. சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. நீருக்குள் அமிழ்த்தப்பட்ட எந்தப் பொருளையும், அது இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். மேலே சொன்ன நிலையத்தைச் சுற்றி நீர்மட்டம் 3 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொண்டால், 14 மீட்டர் உயரத்துக்கு நீர் அந்தப் பெட்டியைச் சூழ்ந்திருக்கும். கீழிருந்து அதன் அடித்தளத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 56,000 டன் எடைக்குச் சமம். உள்ளே பெரும்பாலும் காற்றே நிறைந்திருக்கும் ஒரு காலிப் பெட்டி அது. போதிய எடை இல்லாவிட்டால் நிலையமே படகைப் போல மேலெழும்ப முயலும். ஆகவே தடித்த அடித்தளம், கனமான சுவர்கள், கூரையின் மேல் திரும்ப நிரப்பப்படும் மண், தேவைப்பட்டால் கீழே இழுத்துப் பிடிக்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்படும் பைல்கள் எனும் கான்கிரீட் தூண்கள் என்று எல்லாம் சேர்ந்து அந்த நிலையத்தை அதன் இடத்திலேயே நிறுத்தி வைக்கின்றன. நடைமேடையில் நின்று ரயிலுக்குக் காத்திருக்கும்போது, காலடியில் இப்படியொரு விசை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கும் செய்தி.

அடுத்தது மண். சென்னையின் வடக்கிலும் கடலோரத்திலும் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. தெற்கிலும் தென்மேற்கிலும் அவற்றுக்குக் கீழே மிகக் கடினமான சார்னோகைட் பாறை கிடக்கிறது. பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் இந்தப் பாறைதான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறைக் கல் இதே வகைப் பாறையால் ஆனது என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். முழுவதும் மென்மையான மண்ணிலோ முழுவதும் பாறையிலோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஓரளவு நிம்மதியாக முன்னேறும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வெட்டும் பற்கள் உண்டு. இரண்டும் கலந்த இடம்தான் சோதனை. இயந்திரத்தின் வட்ட முகத்தில் கீழ்ப்பாதி பாறையிலும் மேல்பாதி மணலிலும் பட்டால், பாறையைத் தேய்த்து முன்னேறுவதற்குள் மேலிருக்கும் தளர்ந்த மணல் அளவுக்கு மீறி உள்ளே சரிந்துவிடக்கூடும். அப்போது இயந்திரத்துக்கு மேலே ஒரு வெற்றிடம் உருவாகி, அது படிப்படியாகச் சாலை வரை ஏறிவிடும். 2017 ஏப்ரல் 9 அன்று, கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தபோது, அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் உள்ளே இறங்கிய காட்சியைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனை சிரமமும் செலவும் இருக்கும்போது எல்லாவற்றையும் தூண் மேலேயே கட்டிவிட்டால் என்ன? தூண் மேல் கட்டுவது ஒப்பீட்டளவில் விரைவானது. பாதையின் பகுதிகளை வேறோரிடத்தில் வார்த்து, இரவில் லாரியில் கொண்டுவந்து, தூணிலிருந்து தூணுக்கு நகரும் ராட்சத இரும்புச் சட்டத்தில் தூக்கிப் பொருத்திவிடுகிறார்கள். சாலையின் நடுவில் உள்ள தடுப்பின் அகலம் இருந்தால் ஒற்றைத் தூணுக்கு அதுவே போதும். சென்னையில் முதன்முதலில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அந்தப் பகுதி முழுவதும் உயர்மட்டப் பாதை. நகரின் முதல் சுரங்கப் பகுதியான திருமங்கலம்–நேரு பூங்கா பாதை திறக்கப்பட்டது 2017 மே மாதத்தில்தான்.

கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் வழியாகப் பாதை மேலே செல்ல முடிந்ததற்குக் காரணம் அங்கிருந்த சாலை. நூறடிச் சாலை என்று மக்கள் வழங்கும் அந்த உள்வட்டச் சாலைக்குப் பெயரிலேயே அகலம் இருக்கிறது, வளைவுகளும் மென்மையானவை. ஒரு மெட்ரோ ரயில் காரைப் போலத் தெருமுனையில் சட்டென்று திரும்பாது. அது திரும்ப நூறு மீட்டருக்கும் அதிகமான ஆரம் கொண்ட வளைவு வேண்டும். அகலமான, நேரான சாலையில் பாதை சாலையோடு சாலையாகப் போய்விடும். மண்ணடி போன்ற இடங்களை நினைத்துப் பாருங்கள்: இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் திணறும் தெருக்கள், தோளோடு தோள் உரசி நிற்கும் பழைய கட்டடங்கள். அங்கே தூண் நட்டால், வளைவுக்காகக் கட்டடங்களை இடிக்க வேண்டும்; இடிக்காத வீடுகளின் ஜன்னலுக்கு நேரே சில அடி தூரத்தில் ரயில் போகும். சுரங்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கட்டடங்களுக்குக் கீழே போதிய ஆழத்தில் அது தன் வளைவைத் தானே தேர்ந்துகொள்ளும்.

நெருக்கமான தெருக்களில் தூண் நட்டால் என்னவாகும் என்பதற்கு நியூயார்க் ஒரு பாடம். அங்கே 1904இல் சுரங்க ரயில் திறக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மன்ஹாட்டன் தெருக்களின் மேல் இரும்புத் தூண்களில் நீராவி ரயில்கள் ஓடின. தெருவை மூடிய நிழல், இரைச்சல், மேலிருந்து விழும் கரி, எண்ணெய்த் துளிகள் ஆகியவற்றோடு மக்கள் வாழ்ந்தார்கள். பின்னர் மின்சார ரயில்கள் வந்தபோதிலும் அந்த மேம்பாலப் பாதைகளை நகரம் ஒவ்வொன்றாக அகற்றியது. மன்ஹாட்டனில் கடைசியாக எஞ்சிய மூன்றாவது அவென்யூ பாதை 1955இல் மூடப்பட்டது.

அதே நியூயார்க்கில், பணத்தோடும் தெருவோடும் தொடர்பில்லாத வேறொரு காரணத்துக்காக ரயில் வெளியே வரும் இடமும் உண்டு. பிராட்வேயின் கீழே சுரங்கத்தில் செல்லும் ஒன்றாம் எண் ரயில், 125ஆம் தெரு அருகே திடீரென்று ஓர் உயரமான எஃகுப் பாலத்தின் மேல் வந்துவிடும். அடுத்த சில தெருக்களுக்குள் மறுபடியும் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். ரயில் அங்கே மேலே ஏறவே இல்லை. நிலம்தான் ஒரு பள்ளத்தாக்காகக் கீழே இறங்கி மீண்டும் ஏறுகிறது. தண்டவாளம் ஏறக்குறைய தன் மட்டத்திலேயே தொடர்கிறது. பள்ளத்தாக்கோடு இறங்கி ஏற அதனால் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் சைதாப்பேட்டைக்கான விடையும் இருக்கிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. குறைந்த மின்சாரத்தில் ஆயிரம் பேரை இழுத்துச் செல்ல முடிவது அதனால்தான்; செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதும் அதனால்தான். எனவே மெட்ரோ பாதைகளில் சரிவு பொதுவாக நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு என்ற அளவில் நிறுத்தப்படுகிறது. உயர்மட்ட நிலையத்தில் நடைமேடைக்குக் கீழே டிக்கெட் தளமும் அதற்கும் கீழே பேருந்துகள் போகும் இடைவெளியும் வேண்டும் என்பதால், தண்டவாளம் சாலையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சுரங்க நிலையத்தில் அதே 12 மீட்டர் ஆழம். ஆக 24 மீட்டர் இறங்க, நூற்றுக்கு மூன்று என்ற சரிவில் 800 மீட்டர் தூரம் தேவை. அந்தத் தூரத்தின் நடுவில், ரயில் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தரைமட்டத்தில் இருக்கும் ஒரு நீண்ட பகுதி வரும். அங்கே எந்தக் குறுக்குச் சாலையும் கடக்க முடியாது. பாதையின் முழு அகலத்துக்கும் நிலம் தனியாக வேண்டும். நெருக்கடியான நகரத்தில் அப்படி ஒரு துண்டு நிலம் அடிக்கடி கிடைக்காது. அதனால்தான் ரயில் நினைத்த இடத்தில் எல்லாம் ஏறி இறங்குவதில்லை. ஒருமுறை இறங்கினால் பல நிலையங்களுக்கு உள்ளேயே இருந்துவிடுகிறது. சின்னமலைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் ஆற்றைத் தாண்டியவுடன் அந்த இறக்கத்துக்கு இடம் கிடைத்தது. அதற்கு வடக்கே அண்ணா சாலையின் மேம்பாலங்களும் நெரிசலும் தொடங்கிவிடுகின்றன.

மழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊரில் 'சப்வே' என்றாலே ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சாலைதான் நினைவுக்கு வரும்; ஐப்பசியில் முதலில் மூழ்குவதும் அதுதான். தூண் மேல் ஓடும் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாலைகள் மூழ்கிய நாட்களிலும் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ஓடியது. சுரங்க நிலையங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அடுத்த முறை ஒரு நிலத்தடி நிலையத்துக்குள் நுழையும்போது கவனியுங்கள்: கீழே போக வேண்டிய நாம் முதலில் சில படிகள் மேலே ஏறுவோம். தேங்கிய மழைநீர் உள்ளே பாயாமல் தடுப்பவை அந்தப் படிகள்தான். இதற்கு மேல் பம்புகள், புகையை வெளியேற்றும் ராட்சத விசிறிகள், இரு குழாய்களையும் ஏறத்தாழ 250 மீட்டருக்கு ஒன்றாக இணைக்கும் தப்பிக்கும் வழிகள், குளிரூட்டிய காற்று வீணாகாமல் நடைமேடையை மூடி நிற்கும் கண்ணாடிக் கதவுகள் ஆகியவை வேண்டும். கட்டி முடித்த பிறகும் சுரங்கத்தின் மாதச் செலவு உயர்மட்டப் பாதையைவிட அதிகமாக இருப்பது இவற்றால்தான்.

இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் சுரங்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அதில் பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை செல்லும் நான்காம் வழித்தடத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். பூந்தமல்லிப் பக்கம் தூண்கள்; ஆழ்வார்திருநகர், ஆலப்பாக்கம் அருகே சாலையில் இரண்டு வரிசைத் தூண்களுக்கு இடமில்லாததால் நான்காம், ஐந்தாம் வழித்தடங்கள் ஒரே தூணின் மேல் இரண்டு அடுக்காகச் செல்கின்றன; கோடம்பாக்கத்தில் சரிவு; பிறகு பனகல் பூங்காவின் கடைத்தெரு நெரிசலுக்குக் கீழே சுரங்கம். திருமயிலையில் இந்த வழித்தடமும் மாதவரத்திலிருந்து வரும் மூன்றாம் வழித்தடமும் சந்திக்கின்றன. அங்கே மேலே பக்கிங்ஹாம் கால்வாயில் தூண்கள் ஊன்றி 1997 முதல் பறக்கும் ரயில் ஓடுகிறது; வீடுகளை இடிக்காமல் நகருக்குள் ரயில் விட, ஏற்கெனவே அரசின் கையில் இருந்த கால்வாயே அப்போது வழியாயிற்று. புதிய மெட்ரோவுக்கு மேலே அப்படி ஓர் இடம் மிச்சமில்லை, பக்கவாட்டிலும் விரிய வழியில்லை. ஆகவே அங்கே சுரங்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக 30 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்குகின்றன.