ஆக்கர் கடையிலிருந்து வந்த மூளை

அப்பாவின் மாருதி 800 கார்பரேட்டர் காலத்து வண்டி. சித்திரை வெயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்துவிட்டு ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினால் முக்கிக்கொண்டு நின்றுவிடும். இஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கால் மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

காற்றில் பெட்ரோலைக் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் மர்மம் எதுவும் இல்லை. இஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகலான கழுத்தைக் கடக்கும்போது வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் என்கிற பித்தளைத் துளை வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. துளையின் அளவு மாறாது, காற்று மாறுமே! 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறினால், 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்க கார்பரேட்டருக்குத் தெரியாது. கரும்புகைதான். இப்போது பெட்ரோல் பங்க்கில் போடும் 20 சதவீத எத்தனால் கலவைக்கோ சுமார் 13.5 கிராம் காற்றே போதும். அங்கே கதை தலைகீழ்: பழைய ஜெட் தரும் பெட்ரோல் பற்றாது.

மேலப்பாளையம் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்கும் ஓர் ஆக்கர் கடையில், பக்கவாட்டில் அடிபட்ட எம்பிஎஃப்ஐ 800 ஒன்று கிடந்தது; கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீச்சும் வகை. அதே 796 சிசி, மூன்று சிலிண்டர். அப்பாவின் வண்டிக்கு மாட்ட இன்ஜெக்டர்களை மட்டும் விலை பேசிக்கொண்டிருந்த என்னை மெக்கானிக் அண்ணாச்சி மடக்கினார்: "அத மட்டும் வச்சு என்ன செய்யப் போறிய? கண்ணு, மூள எல்லாத்தயும் சேத்துல்லா கொண்டு வரணும்!"

அவர் சொன்னது அப்படியே உண்மை. இன்ஜெக்டர் வெறும் மின்சாரக் குழாய்முனை. எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியு எனும் கணினி முடிவு செய்கிறது. இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் சூடு, இஞ்சின் வேகம் மூன்றையும் வைத்து, உள்ளே போகும் காற்றின் எடையைக் கணக்குப் போடுகிறது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், குழம்பில் உப்புப் பார்ப்பது மாதிரி, எரிந்து வந்த புகையைப் பார்த்துச் சொல்கிறது: பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் வரை, குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம். அதற்கேற்ப கணினி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே இஞ்சின், ஈசியு, பம்ப்போடு டேங்க் எல்லாவற்றையும் எடுத்தோம். ஒயரிங்கை ஓரிடத்திலும் வெட்டவில்லை. அதற்கே ஒரு முழுப் பகல் ஆனது. குழாய்களில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய பம்ப் தரும் அழுத்தம், பார் என்ற அலகில், சுமார் 0.3; இதில் 3. பழைய ரப்பர் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சும். அந்த அழுத்தத்தில் ஒரு லாபமும் உண்டு: குக்கருக்குள் தண்ணீர் தாமதமாகக் கொதிப்பது போல, குழாய்க்குள் பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகாது. இஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் அப்பாவின் வண்டியில் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். உடனே பிடித்தது, ஆனால் சூடேறிய பிறகும் புகை கறுப்பாகவே வந்தது. பெட்ரோல் நாற்றம் வேறு. இரண்டு நாள் இன்ஜெக்டர்களைத்தான் சந்தேகப்பட்டோம். குற்றவாளி தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டர். அந்த சென்சார் சூடேற ஏற மின்தடை குறையும் வகை: 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல், 80 டிகிரியில் சில நூறு ஓம்தான். கனெக்டர் பின்னில் பூத்திருந்த பச்சைக் களிம்பு தன் பங்குக்குத் தடையைக் கூட்ட, இஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நம்பி, கணினி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்புத்தாளால் பின்னைத் தேய்த்ததும் புகை நின்றது.

குளிரில் ஸ்டார்ட் ஆக கார்பரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் பழைய சோக் குமிழ் டேஷ்போர்டில் அப்படியே இருக்கிறது, அதன் கேபிள் எதிலும் மாட்டியில்லை. மார்கழிக் காலையில் அப்பா இன்னும் அதை இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.