வாசலில் "55 பிளஸ்" என்று எழுதியிருந்தால்: அமெரிக்க ஆர்.வி. பார்க்குகளின் வயது விதி

அக்டோபர் முடிந்து வடக்கே குளிர் இறங்கியதும் மினசோட்டா, விஸ்கான்சின், கனடாவின் மானிடோபா பக்கமிருந்து வீட்டு வண்டிகள் வரிசையாகத் தெற்கே கிளம்பும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வண்டிகளைத்தான் அமெரிக்காவில் ஆர்.வி. என்கிறார்கள். அரிசோனாவின் மேசா, யூமா, டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, புளோரிடா என்று வெயில் கிடைக்கும் ஊர்களில் இவற்றுக்கென்றே பார்க்குகள் உண்டு. மாத வாடகைக்கோ சீசன் வாடகைக்கோ ஒரு மனை கிடைக்கும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பும் கூடவே வரும். அப்படிப்பட்ட பல பார்க்குகளின் வாசலில் ஒரு பலகை நிற்கிறது: "55 பிளஸ்".

அந்தப் பலகையைப் பார்த்து இரண்டு பேர் வருத்தப்படுகிறார்கள். ஒருவருக்கு 50 வயது. சீக்கிரமே ஓய்வு பெற்று வண்டி வாங்கியவர். "உங்களுக்கு இன்னும் வயது ஆகவில்லை" என்று திருப்பி அனுப்பப்படுகிறார். இன்னொருவருக்கு 57. அவரை உள்ளே விடுகிறார்கள். ஆனால் "என்னையும் கிழடு என்று கணக்கில் சேர்த்துவிட்டார்களா?" என்று அவருக்கு மனசு சுருங்குகிறது. இருவரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பலகையின் பின்னால் இருக்கும் சட்டம் இருவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டதே அல்ல. அது குழந்தைகளைப் பற்றியது.

குழந்தைகளுக்காக வந்த சட்டம்

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, ஜனாதிபதி ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 1974இல் பாலினமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. குழந்தை குட்டியோடு வருபவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. "பெரியவர்கள் மட்டும்" என்று எழுதிவைத்து, கைக்குழந்தையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய குடியிருப்புகள் நாடு முழுக்க இருந்தன. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1982இல் மரீனா பாயின்ட் வழக்கில், இப்படிக் குழந்தைகளை ஒதுக்குவது அந்த மாநிலத்தின் சட்டப்படி தவறு என்று தீர்ப்பளித்தது. 1988இல் நாடாளுமன்றமே முன்வந்து கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தியது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள குடும்பம், கர்ப்பிணி, ஒரு குழந்தையின் பொறுப்பைச் சட்டப்படி பெறும் முயற்சியில் இருப்பவர் ஆகியோரையெல்லாம் குழந்தையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றானது. உடல் ஊனமுற்றவர்களுக்கும் அதே திருத்தத்தில்தான் பாதுகாப்பு வந்தது. 1989 மார்ச் 12 முதல் அது நடப்புக்கு வந்தது.

அப்புறம் ஒரு கேள்வி எழுந்தது. அரிசோனாவில் 1954 முதலே யங்டவுன் என்ற முதியோர் ஊர் இருந்தது. பக்கத்திலேயே 1960 ஜனவரி 1 அன்று டெல் வெப் என்ற கட்டுநர் சன் சிட்டியைத் திறந்தார். முதியவர்கள் அமைதியைத் தேடி வந்து குடியேறிய இப்படிப்பட்ட இடங்களை என்ன செய்வது? அவற்றுக்காகத்தான் சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். பலகையில் இருக்கும் 55 அந்த விலக்கின் எண். முதியவர்களுக்குப் புதிதாக ஓர் உரிமையை அது கொடுக்கவில்லை. சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் குழந்தைகள் உள்ள குடும்பங்களை ஏற்காமலிருக்கலாம் என்று அந்த இடத்துக்கு அனுமதி தருகிறது, அவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தக் கூட்டாட்சிச் சட்டத்தின் பட்டியலில் வயது என்ற சொல்லே இல்லை. ஆகவே குழந்தை இல்லாத 48 வயதுத் தம்பதியை "வயது போதாது" என்று ஒரு பார்க் மறுத்தால், இந்தச் சட்டத்தை வைத்து அவர்கள் வழக்குப் போட வழி கிடையாது. சில மாநிலங்களில் வீட்டுவசதியில் வயது பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் உண்டு. அங்கே கதை வேறு. எனவே மாநிலச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

62க்கும் 55க்கும் என்ன வித்தியாசம்

விலக்கு பெற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, முதியோருக்கென்றே அரசு நடத்தும் வீட்டுத் திட்டங்கள். ஆர்.வி.க்காரர்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. இரண்டாவது, 62. இது மிகக் கறாரானது. உள்ளே குடியிருக்கும் எல்லோருக்கும் 62 நிறைந்திருக்க வேண்டும். கணவருக்கு 66, மனைவிக்கு 60 என்றால் இருவரும் சேர்ந்து அங்கே குடியிருக்க முடியாது. பராமரிப்பு, நிர்வாக வேலை செய்யும் ஊழியர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இந்தக் கறார்த்தனத்தால்தான் பெரும்பாலான பார்க்குகள் மூன்றாவது வழியான 55ஐத் தேர்ந்தெடுக்கின்றன.

55இல் கணக்கு இப்படி. ஆள் குடியிருக்கும் மனைகளில் குறைந்தது 80 சதவீதத்தில், மனைக்கு ஒருவராவது 55 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். ஒரு பார்க்கில் 180 மனைகளில் ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 144 மனைகளில் இப்படி ஒருவர் இருந்தால் போதும். அவருடைய துணைக்கு 45 வயதானாலும் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. மீதி 36 மனைகளை என்ன செய்வது என்பது பார்க்கின் விருப்பம். "20 சதவீதத்தை இளையவர்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும்" என்று சிலர் வாதாடுவார்கள். அது தவறு. அத்தனை மனைக்கும் 55 வேண்டும் என்றுகூட ஒரு பார்க் விதி வைக்கலாம்.

அப்படியானால் அந்த 20 சதவீதம் எதற்கு? கணவருக்கு 58, மனைவிக்கு 51. திடீரென்று கணவர் இறந்துவிடுகிறார். மனைவியை அங்கேயே இருக்கவிட்டாலும் பார்க்கின் விலக்கு பறிபோகாமலிருக்க இந்த இடைவெளி உதவுகிறது. ஆனால் அவரை வைத்துக்கொள்ளச் சொல்லி இந்தச் சட்டம் பார்க்கைக் கட்டாயப்படுத்தவில்லை. துக்க வீட்டில் போய் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் மனசு வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

80 சதவீதம் இருந்தால் மட்டும் போதாது. இது 55 வயதினருக்கான இடம் என்ற நோக்கத்தைப் பார்க் வெளிப்படையாக எழுதி அறிவித்து, அதன்படியே நடக்கவும் வேண்டும். "பெரியவர்களுக்கான குடியிருப்பு" என்பதுபோல மழுப்பலாக விளம்பரம் செய்வது இந்த நோக்கத்துக்கு ஒத்துவராது என்று வீட்டுவசதித் துறையின் விதியே சொல்கிறது. குடியிருப்பவர்களின் வயதையும் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் அல்லது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கையெழுத்திட்ட உறுதிமொழி என்று ஏதாவது ஒன்று போதும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அலுவலகத்தில் உங்கள் பிறந்த தேதியைக் கேட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கேட்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

1988 திருத்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. முதியோருக்கான சிறப்பு வசதிகளும் சேவைகளும் இருந்தால்தான் விலக்கு. எது சிறப்பு வசதி என்பதில் ஓயாத தகராறு. 1995இல் வந்த முதியோர் வீட்டுவசதிச் சட்டம், அதாவது ஹோப்பா, அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. அதனால் இன்று 55 பிளஸ் என்று போட்ட இடத்தில் கைப்பிடி வைத்த குளியலறையோ செவிலியரோ இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. முதியோர் இல்லம் வேறு, இது வேறு.

வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது வீடு அல்ல, விடுதி மாதிரிதான். வீட்டுவசதிச் சட்டம் வசிக்கும் இடத்தைத்தான் பேசுகிறது. ஆனால் வீடோ கட்டுமானமோ வைப்பதற்காக வாடகைக்கு விடும் காலி நிலமும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். ஆகவே ஒருவர் எத்தனை நாள் இருக்கிறார், திரும்பி வரும் எண்ணத்தோடு அதைத் தன் இருப்பிடமாக நினைக்கிறாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. குளிர்காலம் முழுக்க ஒரே மனையில் இருப்பவரும், ஆண்டு முழுக்க வண்டியிலேயே வாழ்கிறவரும் சட்டத்துக்குள் வர வாய்ப்பு அதிகம்.

குளிர்காலத்தை மட்டும் தெற்கே கழித்துவிட்டுக் கோடையில் ஊருக்குப் போய்விடுபவர்களைப் "பனிப்பறவைகள்" என்பார்கள். அவர்களின் மனையும் 80 சதவீதக் கணக்கில் சேரும். கடந்த ஓராண்டுக்குள் அங்கே வசித்திருந்து, அவ்வப்போது திரும்பி வரும் எண்ணமும் இருந்தால், தற்காலிகமாகக் காலியாக உள்ள அந்த இடத்தையும் ஆள் இருக்கும் இடமாகவே விதி எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு வயது விதியும் ஆர்.வி.க்காரர்களைப் படுத்துகிறது. வண்டிக்குப் பத்து வயதைத் தாண்டினால் சில பார்க்குகள் ஏற்பதில்லை. அது சட்டம் அல்ல, பார்க் தானாக வைத்துக்கொண்ட விதி. சுத்தமாகப் பராமரித்த வண்டியின் படத்தை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். விட்டுக்கொடுக்கும் பார்க்குகளும் உண்டு.

விலக்கு எதுவரை செல்லும்

குழந்தைகள் விஷயத்தில் மட்டும்தான். 55 பிளஸ் என்று பலகை வைத்துவிட்டு, இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து மறுக்க முடியாது. உடல்நிலை காரணமாக உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆள் தேவைப்பட்டால், அவருக்கு 30 வயது என்று சொல்லிப் பார்க் மறுப்பது எளிதல்ல. அப்படிப்பட்ட பராமரிப்பாளர்களை 80 சதவீதக் கணக்கிலிருந்தே விதி தள்ளிவைத்திருக்கிறது. பாகுபாடு நடந்தால் ஓராண்டுக்குள் கூட்டாட்சி வீட்டுவசதித் துறையில் புகார் செய்யலாம். நேரே நீதிமன்றம் போவதென்றால் இரண்டு ஆண்டு அவகாசம்.

பேரப்பிள்ளைகள் வந்து தங்குவதைப் பற்றிக் கூட்டாட்சிச் சட்டம் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பார்க்கும் தன் விதிப்புத்தகத்தில் ஒரு வரம்பு வைத்திருக்கும். நீச்சல் குளத்துக்குத் தனி நேரம் என்றுகூட இருக்கும். மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே அமெரிக்கா வந்த நம் அப்பா அம்மாக்களுக்கு இந்த ஒரு விதியே போதும், அந்த இடம் சரிப்படுமா இல்லையா என்று முடிவு செய்ய.

யங்டவுனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் கொடுமை தாங்காமல் வந்த தங்கள் பேரனை ஒரு தாத்தாவும் பாட்டியும் அங்கே வைத்துக்கொண்டார்கள். வயது விதியை மீறியதாக ஊர் நிர்வாகம் அவர்கள் மேல் பாய்ந்தது. விவகாரம் மாநில அரசு வழக்கறிஞர் வரை போனது. 1998இல் அந்த ஊரின் வயதுக் கட்டுப்பாடே முடிவுக்கு வந்தது. அமைதி வேண்டும் என்று முதியவர்கள் கேட்பதை நான் தவறாகவே நினைக்கவில்லை. நாற்பது வருடம் ஷிஃப்ட் பார்த்து உழைத்தவர் பகலில் தூங்க ஆசைப்பட்டால் அது அவர் சம்பாதித்த உரிமை. ஆனால் அடைக்கலம் தேடி வந்த ஒரு பையனை வெளியே தள்ளுவதற்கு அந்த அமைதி காரணமாகக் கூடாது.

எண்ணும் மனசும்

வயதானவர்களை ஒதுக்கும் மனப்பான்மைக்கு ஆங்கிலத்தில் முதன்முதலாகப் பெயர் வைத்தவர் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர். 1969இல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் செவி சேஸ் என்ற வசதியான பகுதியில் ஏழை முதியவர்களுக்குக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும் அக்கம்பக்கத்தினர் எதிர்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் "ஏஜிசம்" என்றார். முதுமையைப் பற்றிய அந்தச் சொல்லே ஒரு வீட்டுவசதித் தகராறில் பிறந்தது. முதியவர்கள் எங்கள் தெருவுக்கு வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். 55 பிளஸ் பார்க்கில் மற்றவர்கள் வேண்டாம் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், முதியவர்கள் ஏன் தங்களுக்கென்று ஓர் இடம் தேடினார்கள் என்பது எனக்கு விளங்கியது.

57 வயதுக்காரரின் மனச்சுருக்கத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஓஹையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி அவர்களின் ஆயுளோடு அந்தப் பதில்களை ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார். தங்கள் முதுமையை நல்லபடியாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். நம்மில் அறுபது நிறைந்தால் பிள்ளைகள் கூடி நின்று மறுபடி தாலி கட்டவைத்து ஊருக்கே சாப்பாடு போடுகிறார்கள். அமெரிக்காவில் அதே வயதுக்காரர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு "ஆக்டிவ் அடல்ட்" என்று பெயர் வைத்த பார்க்கைத் தேடுகிறார்.

55 என்பது முதுமைக்கு யாரும் அளந்து வைத்த எல்லையும் அல்ல. அமெரிக்காவின் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு 40 வயதிலேயே நீங்கள் மூத்தவர். ஓய்வூதியர் சங்கமாகத் தொடங்கிய ஏ.ஏ.ஆர்.பி. 50 வயது நிறைந்தவர்களுக்காக என்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65 வரை காத்திருக்கச் சொல்கிறது. ஒவ்வொரு சட்டமும் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது.

வயது கேட்காத இடங்கள்

50 வயதுக்காரர் மனம் தளர வேண்டாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே லா போசா என்ற பாலைவனப் பரப்பு கூட்டாட்சி நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கும் அனுமதிச் சீட்டு அங்கே கிடைக்கிறது. யாரும் வயது கேட்பதில்லை. வண்டிக்கு வண்டி தண்ணீர், மின்சார இணைப்பு கிடையாது. கழிவுநீர்த் தொட்டி உள்ள வண்டியாக இருந்தால் நல்லது.

62 நிறைந்தவர்களுக்குத் தேசியப் பூங்காக்களின் முதியோர் பாஸ் இருக்கிறது. ஆண்டுக்கு 20 டாலர், வாழ்நாள் முழுவதற்கும் என்றால் 80 டாலர். பல கூட்டாட்சி முகாம்களில் தங்கும் கட்டணமும் பாதியாகும். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது கிடைக்கும். வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பூங்காக்களில் அந்தப் பாஸைக் காட்டினால், அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லை.